எடுத்து வைத்த ஓர் உருண்டை

மனிதனுக்குக் கிடைக்கும் முதல் உணவும் முதல் உபதேசமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சோற்றைப் பிசைந்து ஊட்டிய கைக்கு உரியவர்தான் ‘சிந்தாமல் சாப்பிடு’ என்றும் ‘தம்பிக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடு’ என்றும் சொன்னார். வளர்ந்த பின்னர் நாம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறோம். உணவை நாவின் கணக்கிலும் உபதேசத்தை ஏட்டின் கணக்கிலும் எழுதி வைக்கிறோம். நமது சாஸ்திரங்கள் இவ்வாறு பிரிக்கவில்லை. சாந்தோக்கியம், தைத்திரீயம் என்ற இரு பெரும் உபநிஷதங்களில் தந்தை மகனுக்குத் தத்துவத்தை உபதேசிக்கும் இடத்தில் அன்னத்தைப் பற்றிய பேச்சும் கூடவே வருகிறது.

இதனை நான் நூல்களில் பலமுறை படித்ததுண்டு, மொழிபெயர்த்ததும் உண்டு. ஆயினும் அதன் பொருள் உள்ளத்தில் இறங்கியது, அந்தமானின் மாயாபந்தரில் ஓர் அன்பர் கேட்ட கேள்விக்கு உடனே விடை கூற இயலாமல் நின்ற ஒரு மாலைப் பொழுதில்தான்.

கடல் கடந்து வந்த அடுப்புகள்

நடு அந்தமான் தீவின் வடகோடியில், கடலை ஒட்டிய மேட்டில் அமைந்த சிறிய ஊர் மாயாபந்தர். 2006-ஆம் ஆண்டில் உருவான வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் அது. 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சாலை வழியாகச் செல்வோர் ஒரு நாளின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழிக்க வேண்டும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு குறுக்கிடுகிறது. அங்கே வாகனங்களைத் தனித்தனியே விடுவதில்லை. குறித்த நேரத்தில், வரிசையாக, காவலுடன்தான் செல்ல இயலும்.

மாயாபந்தரில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர் வேறிடத்திலிருந்து வந்தவர்கள். 1925-இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் இன மக்கள் வெபி முதலிய கிராமங்களில் வாழ்கின்றனர். நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை இழந்தவர்களை 1949 முதல் அரசு அந்தமானில் குடியமர்த்தியது. அவர்களுள் பலர் 1950-களில் நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் காடு திருத்தி வயல் கண்டனர். சோட்டா நாகபுரியிலிருந்து மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் உள்ளனர். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும் இருக்கின்றன. கடைவீதியில் அனைவருக்கும் பொதுவாக இந்தி வழங்குகிறது. வீட்டுக்குள் அவரவர் தாய்மொழி.

கப்பலேறி வந்த ஏழை மனிதன் எதைக் கொண்டுவர முடியும்? நிலத்தைக் கொண்டுவர முடியாது. கோயிலைக் கொண்டுவர முடியாது. ஒரு பெட்டியில் அடங்கும் துணிகளைத் தவிர அவன் கொண்டுவந்தவை இரண்டே: நாவில் ஊறிய மொழி, கையில் படிந்த சமையல். வங்காளி வீட்டில் கடுகெண்ணெய் மணப்பதும் தமிழர் வீட்டில் நல்லெண்ணெய் மணப்பதும் வெறும் பழக்கமல்ல. தாம் யார் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட அந்தத் தாய்மார்களுக்கு அடுப்பைத் தவிர வேறு பள்ளிக்கூடம் இருக்கவில்லை.

ஓர் அன்பரின் கேள்வி

சென்ற தை மாதத்தில் அங்கே இரண்டு நாள் சத்சங்கம் நடைபெற்றது. முதல் நாள் மாலை, கூட்டம் கலைந்தபின் ஓர் அன்பர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். பெற்றோர் இராமநாதபுரம் பக்கத்தவர்கள். தந்தை மரம் அறுக்கும் வேலைக்கு வந்தவர். அன்பர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மாயாபந்தரில்தான்.

“சுவாமிஜி, நான் கேட்கப் போவது ஆன்மீகக் கேள்வியா என்றுகூடத் தெரியவில்லை” என்று தொடங்கினார். “அம்மா காலமாகிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. வருடந்தோறும் ஆவணி மாதம் திதியன்று அம்மா செய்யும் உளுந்தங்களியை என் கையாலேயே கிண்டிப் படைக்கிறேன். பொருள் அதேதான், பக்குவமும் அதேதான். அந்த ருசி மட்டும் ஒரு வருடம்கூட வரவில்லை. ஏன் சுவாமிஜி?”

உளுந்தங்களி தென்மாவட்டத்து வீடுகளில் நன்கு அறிந்த உணவு. தோல் நீக்காத கறுப்பு உளுந்தையும் அரிசியையும் வறுத்து மாவாக்குவார்கள். கருப்பட்டியை நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்க விட்டு, அதில் மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். கை ஓயக்கூடாது. இறக்கிய பின் உருண்டையாக்கி, நடுவே குழித்து, நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு பலப்படும் என்று பாட்டிமார்கள் சொல்லும் உணவு.

அந்தமானில் தென்னைக்குக் குறைவில்லை; ஆனால் இராமநாதபுரத்துப் பனங்காடு அங்கே ஏது? அன்பரின் சிறுவயதில் கருப்பட்டி ஓலைக் கொட்டானில் கப்பலேறி வர வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர மூன்று நாட்கள் ஆகும். அங்கிருந்து மாயாபந்தருக்கு மற்றொரு பயணம். ஊருக்குப் போய்வரும் யாராவது கொண்டுவந்தால்தான் களி. ஆகவே வருடத்தில் நான்கைந்து முறைதான் அந்த வீட்டில் களி கிண்டப்படும்.

அன்றெல்லாம் தாயார் முதலில் ஓர் உருண்டையை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து மூடி, சுவரோரப் பலகையில் வைத்துவிடுவாராம். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஓர் உருண்டை. கிண்ணத்தில் ஆறாவது உருண்டை. அது யாருக்கு என்று பிள்ளைகள் கேட்டால், “வாறவுகளுக்கு. எடுத்து வச்சது நமக்கில்லய்யா” என்பாராம். அதற்கு மேல் அவர் விளக்கியதில்லை. அன்று எவரும் வராவிட்டால் மறுநாள் காலையில் அதை ஐந்து துண்டாக்கி அனைவருக்கும் தருவார்.

இதுவரை கூறிய அன்பர் சற்று நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்தவாறே மீதியைச் சொன்னார்.

எட்டு வயதில் ஒருநாள், தாயார் தண்ணீர் எடுக்கச் சென்றிருந்த வேளையில், அவர் அந்த ஆறாவது உருண்டையைத் தின்றுவிட்டார். கிண்ணத்தை முன்போலவே மூடி வைத்தார். அன்று பார்த்து அந்தி நேரத்தில் பெருமழை. வெபி பக்கத்திலிருந்து மூங்கில் கொண்டுவந்த கரேன் முதியவர் ஒருவர் நனைந்து நடுங்கியபடி திண்ணையில் ஒதுங்கினார். தாயார் உள்ளே சென்று கிண்ணத்தைத் திறந்தார்; காலியாக இருந்ததைக் கண்டார்; மகனை ஒருமுறை பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமக்கென வைத்திருந்த உருண்டையை எடுத்துச் சென்று முதியவருக்குக் கொடுத்தார். அன்றிரவு அவர் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் படுத்ததை மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா கண்டிக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவில்லை, சுவாமிஜி” என்றார் அன்பர்.

“இப்போது திதியன்று களி கிண்டும்போது ஓர் உருண்டை எடுத்து வைக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. இந்தக் காலத்தில் யார் பசியோடு வருகிறார்கள்? தெருவுக்குத் தெரு உணவு விடுதி இருக்கிறது” என்றவர், சற்றுப் பொறுத்து, “உண்மையைச் சொன்னால், அந்தக் கிண்ணத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை” என்றார்.

அவருக்கு உடனே ஆறுதல் கூறச் சொற்கள் கிடைத்திருக்கும். ஆனால் கற்ற சொற்களை எடுத்து வீசுவதற்கு அது இடமல்ல என்று தோன்றியது. துறவிகள் பூர்வாசிரமத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் அன்றிரவு என் நினைவிலும் ஓர் அடுப்பு எரிந்தது என்பதை மட்டும் கூறிக்கொள்கிறேன். மறுநாள் காலைச் சத்சங்கத்தில், அவருடைய பெயரையும் கதையையும் கூறாமல், அவருக்கும் எனக்குமாகச் சேர்த்துச் சொன்னவற்றையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

நினைக்கின்ற மனமும் அன்னமே

சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் உத்தாலக ஆருணி என்ற தந்தை தம் மகன் சுவேதகேதுவுக்குச் செய்த உபதேசம். பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் வேதம் பயின்று, கற்றவன் என்ற செருக்குடன் திரும்பிய இருபத்துநான்கு வயது இளைஞன் அவன். அவனிடம் தந்தை, உண்ட உணவின் பருத்த பகுதி கழிவாகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி மனமாகிறது என்றார். இன்னும் விளக்க வேண்டும் என்று மகன் கேட்டான். தந்தை சொற்களால் விளக்கவில்லை. பதினைந்து நாட்கள் உண்ணாதிரு, வேண்டிய அளவு நீர் மட்டும் பருகு என்றார்.

பதினைந்து நாட்கள் கழிந்தன. மகனை அழைத்து வேதத்தை ஓதச் சொன்னார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் கல்வி எங்கே போயிற்று? பெரு நெருப்பு அணைந்து மின்மினி அளவு கனல் மட்டும் எஞ்சினால் அதனால் எதை எரிக்க முடியும் என்று தந்தை உவமை காட்டினார். போய் உண்டு வா என்றார். உண்டு வந்தபின் கேட்டவற்றுக்கெல்லாம் மகன் விடையளித்தான். கனலில் துரும்பிட்டு வளர்த்ததுபோல் நினைவு மீண்டும் மூண்டது.

இந்த நிகழ்ச்சியை மனம் அன்னமயமானது என்ற தத்துவத்துக்குச் சான்றாக நாம் படிக்கிறோம். அது சரியே. ஆனால் ஒரு மகனாக இருந்து அதைப் படித்தால் வேறொன்றும் விளங்கும். தாய் ஊட்டிய உணவு, நாம் பின்னாளில் நினைத்துப் பார்க்கும் பொருள்களுள் ஒன்று மட்டுமல்ல. எந்த மனத்தைக் கொண்டு அவளை நினைக்கிறோமோ, அந்த மனமே அவள் சமைத்துத் தந்தது. அன்பர் ஆண்டுக்கு ஒருமுறை நாவில் தேடிய தாயார், தேடுகின்ற மனமாகவே பதினோரு ஆண்டுகளாக அவருடன் இருந்திருக்கிறார். கண்ணாடி அணிந்துகொண்டே கண்ணாடியைத் தேடுவதை ஒத்தது இது.

பெரியவர் வெளியூர் சென்ற நாள்

தாய் இல்லாதபோது தாயின் சொல்லை என்ன செய்வது? இதற்கு விடையாக நமது பக்தி மரபு ஒரு குழந்தையைக் காட்டுகிறது.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள திருநாரையூரில் பொள்ளாப் பிள்ளையாருக்குப் பூசை செய்து வந்த ஆதிசைவ அந்தணர் ஒருநாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. பூசையைச் செய்து நைவேத்தியம் படைக்கும்படி தம் சிறுவனிடம் கூறிச் சென்றார். சிறுவன் அமுதைப் படைத்துவிட்டுக் காத்திருந்தான். பிள்ளையார் உண்ணவில்லை. நாள்தோறும் தந்தை படைக்கும் அமுதைப் பிள்ளையார் உண்பதாகவே அவன் எண்ணியிருந்தான். தன்னிடம்தான் குறை என்று கலங்கி, கல்லில் தலையை மோதிக்கொள்ள முற்பட்டான். பிள்ளையார் அவனைத் தடுத்து, படைத்த அமுதை உண்டார் என்கிறது மரபு. தந்தை திரும்பி வந்து பிரசாதம் எங்கே என்று கேட்டார். பிள்ளையார் உண்டுவிட்டார் என்ற விடையை அவரால் நம்ப முடியவில்லை. அச்சிறுவனே பின்னாளில், தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகள் வெளிவரக் காரணமாகி, திருமுறைகளைத் தொகுத்தளித்த நம்பியாண்டார் நம்பி.

மகாராஷ்டிரத்தில் நாமதேவரைப் பற்றியும் இதே போன்ற வரலாறு வழங்குகிறது. தந்தை ஊரில் இல்லாத நாளில் விட்டலனுக்கு நைவேத்தியம் எடுத்துச் சென்ற சிறுவன், இறைவன் உண்ணும்வரை திரும்புவதில்லை என்று அடம்பிடித்து நின்றான். ராஜஸ்தானத்துக் கர்மாபாயியின் கதையும் அப்படியே. தந்தை வெளியூர் சென்றபோது, கண்ணனுக்குப் படைத்த பின்பே உண் என்ற அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கிச்சடியை வைத்துக்கொண்டு பட்டினியாகக் காத்திருந்தாள் அச்சிறுமி.

மூன்று மொழிகள், மூன்று நாடுகள். ஆனால் கதையின் அமைப்பு ஒன்றே. பெரியவர் வெளியே செல்கிறார். சொல் மட்டும் வீட்டில் தங்குகிறது. அவர் வீட்டில் இருந்தவரை அது அவருடைய சொல். குழந்தை அதைக் கேட்டது, அவ்வளவுதான். அவர் இல்லாத நாளில்தான் அச்சொல் குழந்தையின் கைக்கு வருகிறது. பெற்றோரின் சொல் நமது சொல்லாக மாறுவது அவர்கள் எதிரில் இருக்கும்போது அல்ல, அவர்கள் இல்லாதபோதுதான்.

இக்கதைகளில் பெற்றோர்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. நைவேத்தியம் செய் என்று சொன்ன தந்தையே, இறைவன் உண்டான் என்று மகன் கூறியபோது நம்பவில்லை. பழக்கத்தால் நாம் உதிர்க்கும் நல்ல சொற்களை நம் குழந்தைகள் உண்மை என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் அவ்வாறு ஏற்று நடக்கும்போது முதலில் திடுக்கிடுவது நாம்தான். நாம் நம்புகின்ற சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் சொல்வது நல்லது. அந்த மாயாபந்தர்த் தாயார் அதிகம் பேசவில்லை. ஆனால் நம்பியதைச் சொன்னார். தம் உருண்டையைக் கொடுத்துவிட்டு நீராகாரம் குடித்தபோது, அச்சொல்லுக்குத் தாமே முதலில் கட்டுப்பட்டார்.

ஆனந்தத்திற்குப் பின் மீண்டும் அடுக்களை

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகு வல்லியிலும் ஒரு தந்தை வருகிறார். தந்தை வருணர், மகன் பிருகு. பிரம்மத்தை அறிய விரும்பிய மகனிடம், உயிர்கள் எதிலிருந்து தோன்றி, எதனால் வாழ்ந்து, எதில் ஒடுங்குகின்றனவோ அதை அறிய முயல் என்று கூறி, தவம் செய்யச் சொன்னார் தந்தை. தவத்தின் முடிவில் பிருகு முதலில் அறிந்தது, அன்னமே பிரம்மம் என்பதை. நிறைவடையாமல் தந்தையிடம் திரும்பினான். தந்தை அது சரி என்றோ தவறு என்றோ கூறவில்லை. மீண்டும் தவத்தையே காட்டினார். பின்னர் பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு படியாக ஏறினான். ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் தந்தையின் விடை அதுவே. முடிவில் ஆனந்தமே பிரம்மம் என்று உணர்ந்தான். அதன்பின் அவன் கேட்பதற்கு வரவில்லை.

தத்துவ மாணவனாக இருந்த காலத்தில் பிருகு வல்லி இத்துடன் முடிந்துவிட்டதாகவே நான் எண்ணினேன். ஏணியின் உச்சிக்கு ஏறியபின் வேறென்ன உண்டு? ஆனால் உபநிஷதம் அங்கே முடியவில்லை. ஆனந்தத்தைத் தொட்ட உடனே, உணவை இகழாதே, உணவை வீணாக்காதே, உணவைப் பெருக்கு, தங்க இடம் நாடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்ற விரதங்களைத் தொடங்கிவிடுகிறது. ஏணியின் உச்சியிலிருந்து நேரே அடுக்களைக்கு இறங்குகிறது. முதல் படியில் அன்னம் உண்ணப்படும் பொருளாக இருந்தது. இறுதியில் அது பிறருக்குக் கொடுக்கப்படும் பொருளாகிறது. பொருள் ஒன்றுதான், மாறியவன் மனிதன்.

மொழிபெயர்ப்பு மேசையில் இப்பகுதியைக் கடக்கும்போது, விருந்தோம்பல் பற்றிய ஒரு பிற்சேர்க்கை என்ற அளவிலேயே நான் அதைக் கருதியிருந்தேன். வடமொழி அறியாத ஒரு தாய், ஐவர் உள்ள வீட்டில் ஆறாவது உருண்டையைப் பலகையில் வைத்து, அதை ஆண்டுக்கணக்கில் நடத்திக் காட்டியிருக்கிறார்.

விசிறி ஏந்திய சிறுமி

கூட்டத்தில் வங்காள அன்பர்களும் நிறைய இருந்தனர். அவர்கள் வீடுகளில் நன்கு அறிந்த ஒரு நிகழ்ச்சியையும் அன்று நினைவூட்டினேன். 1864-இல் வங்காளத்தின் ஒரு பகுதியில் பஞ்சம். ஜெயராம்பாடி கிராமத்தில் இராமசந்திர முகர்ஜி என்ற எளிய அந்தணர், முந்தைய ஆண்டு சேமித்த நெல்லை அரிசியாக்கி, உளுத்தம்பருப்பு சேர்த்துப் பானை பானையாகக் கிச்சடி சமைக்கச் செய்தார். வீட்டாரும் அதைத்தான் உண்ண வேண்டும். வருபவர் எவரும் உண்ணலாம். தம் மகள் சாரதைக்கு மட்டும் சிறிது நல்லரிசிச் சோறு தனியே ஆக்கும்படி அவர் கூறியதாக மகளே பின்னாளில் நினைவுகூர்ந்தார். பசித்து வந்தவர்கள் சூடான கிச்சடியை உண்ண முடியாமல் தவித்தபோது, பத்து வயதுச் சிறுமியான அவர் இரு கைகளாலும் விசிறி அதை ஆற்றினார். அன்னை சாரதாதேவி என்று உலகம் பின்னர் அறிந்தது அச்சிறுமியைத்தான்.

தந்தையின் வாய்ச்சொல் மகளுக்கு ஒரு விலக்கு அளித்தது. தந்தையின் செயலோ அவர் கையில் விசிறியைக் கொடுத்தது. குழந்தை எதைப் பற்றிக்கொண்டது? பெற்றோரின் உண்மையான உபதேசம் அவர்கள் சொன்னதில் பாதியும், அடுப்பருகே செய்ததில் பாதியுமாக இருக்கிறது. இரண்டும் வேறுபடும்போது குழந்தை செய்ததையே எடுத்துக்கொள்கிறது.

எட்டும் தூரத்தில் வைத்த கிண்ணம்

சத்சங்கம் முடிந்தபின் அந்த அன்பரிடம் தனியே ஒன்று கேட்டேன். “அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, அடுத்த முறை களி கிண்டியபோது உங்கள் தாயார் ஆறாவது உருண்டையை எங்கே வைத்தார்?”

அவர் சற்று யோசித்தார். “அதே பலகையில்தான். அதே இடத்தில்.”

“மேலே, எட்டாத இடத்தில் வைக்கவில்லையா?”

“இல்லை. என் கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்தாள்.” சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண்கள் நிறைந்துவிட்டன. நாற்பது ஆண்டுகளாக அவர் காலியான கிண்ணத்தை மட்டுமே நினைவில் வைத்திருந்தார். மீண்டும் நிறைத்து அதே இடத்தில் வைக்கப்பட்ட கிண்ணத்தை மறந்திருந்தார்.

அன்பர்களே, மன்னிப்பு என்பது இதுதான். திருடியவன் கைக்கு எட்டும் தூரத்திலேயே மீண்டும் வைப்பது. கேட்கப்படாத மன்னிப்பை அத்தாயார் அடுத்த களியன்றே அளித்துவிட்டார். மகன் அதைப் பெற்றுக்கொள்ளத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின. இறைவனும் நம்மிடம் இவ்வாறே நடந்துகொள்கிறான். நேற்று நாம் தவறவிட்ட நன்மையை இன்றைய பொழுதில் எட்டும் இடத்திலேயே வைக்கிறான். நாம்தான் நேற்றைய காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

“களியில் ஏதோ குறைகிறது என்றீர்கள். கருப்பட்டி குறையவில்லை; எண்ணெயும் குறையவில்லை. நீங்கள் உங்கள் தாயாரை மீண்டும் சுவைப்பதற்காகச் சமைக்கிறீர்கள். அவரோ வருபவருக்கும் சேர்த்துச் சமைத்தார். இந்த ஆவணியில் ஓர் உருண்டையை முதலில் எடுத்து வைத்துப் பாருங்கள். யாரும் வராவிட்டால் மறுநாள் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள்; உங்கள் தாயாரும் அப்படித்தானே செய்தார்?” என்றேன். அவர் வணங்கி விடைபெற்றார்.

புரட்டாசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திதியன்று காக்கைக்கு வைத்த பின்னர் ஓர் உருண்டையைக் கிண்ணத்தில் இட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டும் பலகையில் வைத்தாராம். மகள் அது யாருக்கு என்று கேட்டாள். தாயாரின் சொற்களையே சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை. பிற்பகல்வரை எவரும் வரவில்லை. மாலையில் மழை. வீட்டுக்கு எதிரே சரக்கு வண்டி ஒன்று பழுதாகி நின்றது. ஜார்க்கண்ட் பக்கத்து இளைஞன் ஒருவன் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தான். இவர் அழைப்பதற்குள் மகளே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். அந்த இளைஞன் திண்ணையில் அமர்ந்து உண்டான். இது என்ன என்று இந்தியில் கேட்டான். களிக்கு இந்தியில் என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல், ‘என் அம்மா செய்வது’ என்று மட்டும் சொன்னாராம்.

கடிதத்தின் இறுதியில் இரண்டு வரிகள்: ‘சுவாமிஜி, இம்முறை அம்மாவின் ருசி வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பையன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், என் பங்கைச் சாப்பிடும்போது ருசி பார்க்க மறந்துவிட்டேன்.’

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் அவ்வாறு ஓர் உணவு இருக்கும். அதனுடன் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லும் இருக்கும். சமைத்தவர் இன்று உங்களுடன் இருந்தால், இன்றே அருகில் அமர்ந்து, அந்தச் சொல்லை அவர் எவரிடம் கேட்டார் என்று விசாரியுங்கள். அவர் இல்லையென்றால், அடுத்த முறை அதைச் சமைக்கும்போது, உண்பதற்கு முன் ஒரு பங்கை எடுத்து, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். யாருக்கு என்று குழந்தை கேட்கும்.